விடையைப் பார்த்தால் புரிகிறது, பரீட்சையில் கை ஓடவில்லை

கேள்வி: காலடிப்பேட்டையில் வசிக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி. எம்.எஸ்சி. விலங்கியல் முடித்து, டி.எம்.எல்.டி. என்ற மருத்துவப் பரிசோதனைக்கூடப் படிப்பும் படித்ததால் வண்ணாரப்பேட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் காலை ஷிப்ட் வேலை. ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் கல்லூரி ஆசிரியர் வேலைக்குமான சிஎஸ்ஐஆர் நெட் உயிர் அறிவியல் தேர்வை இரண்டு முறை எழுதினேன், வரவில்லை. சூழலியல், உடலியங்கியல் எல்லாம் ஓரளவு போட்டுவிடுகிறேன். மரபியலிலும் செல் உயிரியலிலும் கணக்கு மாதிரி வரும் கேள்விகளை அப்படியே விட்டுவிட்டு வருகிறேன். வீட்டில் பழைய வினாத்தாள்களின் விடைகளை இரண்டு பெரிய நோட்டு நிறைய எழுதி வைத்திருக்கிறேன். விடையைப் பார்த்தால் புரிகிறது. ஆனால் பரீட்சையில் கை ஓடவில்லை. அண்ணன் கோச்சிங்கில் சேர்த்துவிடுகிறேன் என்கிறார். பணம் அதிகம். சேரட்டுமா, இல்லை நானே பயிற்சி செய்யலாமா? எப்படிச் செய்வது?
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி, வட சென்னை)

பதில்:

கோச்சிங் விஷயத்தைக் கடைசியில் சொல்கிறேன், அம்மா. முதலில் அந்த இரண்டு நோட்டையும் கட்டி அலமாரிக்கு மேலே போடுங்கள். அவற்றில் இருப்பது வேறு யாரோ போட்ட கணக்கு. விடையைப் படிக்கும்போது அடுத்த வரி என்ன என்பது கண்ணுக்கு முன்னாலேயே இருக்கிறது. தேர்வில் உங்களுக்கு வராதது அந்த அடுத்த வரிதான். கல்லூரியில் மரபியல் பாடம் எடுத்த காலம் முழுக்க நான் பார்த்தது இதைத்தான். நோட்டு அழகாக வைத்திருக்கும் பிள்ளைகள் கணக்கில் திணறுவார்கள். கசங்கிய தாளில் கிறுக்கித் தள்ளுகிற பிள்ளைகள் போட்டுவிட்டுப் போவார்கள்.

வினாத்தாளின் கணக்கை ஒரு தடவை பார்த்துவிடுவோம். 'ஏ' பகுதியில் 20 கேள்விகளில் 15, 'பி' பகுதியில் 50-இல் 35, இரண்டிலும் கேள்விக்கு 2 மதிப்பெண். 'சி' பகுதியில் 75-இல் 25, ஒவ்வொன்றுக்கும் 4. மொத்தம் 200, அதில் பாதி 'சி' பகுதியில் இருக்கிறது. அங்கே தவறான விடைக்கு 1 மதிப்பெண் போய்விடும். 75-இல் 50 கேள்விகளைத் தொடவே வேண்டாம் என்று தேர்வு நடத்துகிறவர்களே சொல்கிறார்கள். ஆக, எந்த 25 என்று தேர்ந்தெடுப்பதும் ஒரு திறமை. மரபியல் கணக்குக்கு ஒரு நல்ல குணம் உண்டு. சரியாகப் போட்டால் சரி என்று உங்களுக்கே தெரியும். நினைவை நம்பி எழுதும் கேள்விகளில் அந்த நிம்மதி கிடையாது. 'இந்தப் புரதமா, அந்தப் புரதமா' என்று வெளியே வந்த பிறகும் மனசு அடித்துக்கொள்ளும். நீங்கள் விட்டுவிட்டு வருகிற இடத்தில்தான் உறுதியான மதிப்பெண் கிடக்கிறது.

சரி, எப்படிப் பயிற்சி செய்வது? ஒரே ஒரு கணக்கை எடுத்து முழுசாகக் காட்டுகிறேன். நீங்களும் பேனா எடுத்துக்கொண்டு கூடவே போடுங்கள்.

பழ ஈயில் மூன்று ஜீன்கள்: க, ச, த. இயல்பான வடிவத்துக்கு + என்று குறி. மூன்றுக்கும் கலப்பினமான (ஒவ்வொரு ஜீனிலும் ஒரு இயல்புப் பிரதி, ஒரு திரிபுப் பிரதி உள்ள) பெண் ஈயை, மூன்றிலும் ஒடுங்கிய (இரண்டு பிரதியும் திரிபான) ஆண் ஈயோடு சேர்க்கிறோம், இதுதான் டெஸ்ட் கிராஸ். 1000 குஞ்சுகள்:

க + + : 359
+ ச த : 353
க + த : 96
+ ச + : 92
க ச + : 45
+ + த : 43
க ச த : 7
+ + + : 5

ஜீன்களின் வரிசை என்ன, தூரம் எவ்வளவு, இன்டர்ஃபெரன்ஸ் (ஒரு குறுக்கேற்றம் பக்கத்தில் இன்னொன்றைத் தடுக்கும் அளவு) எவ்வளவு?

பெரும்பாலோர் முதல் வரியிலேயே சறுக்குகிறார்கள். '+ + +' என்பது இயல்பான ஈ, 'க ச த' முழுத் திரிபு, ஆகவே இவைதான் பெற்றோர் வகை என்று மனசு சொல்லும். பாடப்புத்தக உதாரணங்கள் பலவும் அப்படி இருப்பதால் வந்த பழக்கம். எண்ணிக்கையைப் பாருங்கள். அதிகம் இருப்பவைதான் பெற்றோர் வகை: க + + மற்றும் + ச த. நீங்கள் இயல்பு என்று நினைத்த + + + இருப்பதிலேயே அரிது, ஐந்தே ஐந்து. அப்படியென்றால் அது இரட்டைக் குறுக்கேற்றம், அதாவது ஜோடிக் குரோமோசோம்கள் இரண்டு இடத்தில் வெட்டுப்பட்டுத் துண்டு மாற்றிக்கொண்டது. காசிமேட்டில் மீன் வாங்குகிறவர்கள் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் விலை பேச மாட்டார்கள் அல்லவா, அதுபோல இந்த வகைக் கணக்கில் அதிகமானதையும் அரிதானதையும் பார்க்காமல் எதையும் எழுதக் கூடாது.

இப்போது பெற்றோர் வகையையும் இரட்டைக் குறுக்கேற்ற வகையையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 'க + +' எங்கே, '+ + +' எங்கே? ஒரே ஒரு ஜீன்தான் மாறியிருக்கிறது: க. இரட்டைக் குறுக்கேற்றத்தில் தனியாக இடம் மாறுவது நடு ஜீன். எனவே வரிசை ச – க – த. கேள்வியில் கொடுத்த வரிசை வெறும் அகர வரிசை. அது உங்களை ஏமாற்ற வைத்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இனி எட்டு வகையையும் புது வரிசையில் திருப்பி எழுதுங்கள். இந்த ஒரு நிமிடத்தை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் பலரும் கணக்கையே தொலைக்கிறார்கள். பெற்றோர் குரோமோசோம்கள் '+ க +' மற்றும் 'ச + த' என்று ஆகின்றன. ச-வுக்கும் க-வுக்கும் நடுவே வெட்டினால் 'ச க +', '+ + த' வரும், அவை 45-ம் 43-ம், மொத்தம் 88. க-வுக்கும் த-வுக்கும் நடுவே வெட்டினால் '+ க த', 'ச + +' வரும், 96-ம் 92-ம், மொத்தம் 188. இரட்டைக் குறுக்கேற்றம் 12. அந்த 12 ஈக்களிலும் இரண்டு இடத்திலும் வெட்டு விழுந்திருக்கிறது. அதனால் இரண்டு பக்கமும் அதைச் சேர்க்க வேண்டும். ச–க தூரம் 88 + 12 = 100, ஆயிரத்துக்கு 10 விழுக்காடு, அதாவது 10 மேப் யூனிட். க–த தூரம் 188 + 12 = 200, அதாவது 20.

இரண்டு வெட்டும் ஒன்றையொன்று பாதிக்காது என்றால் எத்தனை இரட்டை வர வேண்டும்? 0.1 × 0.2 × 1000 = 20. வந்தது 12. விகிதம் 0.6. இன்டர்ஃபெரன்ஸ் என்பது 1-இலிருந்து அதைக் கழித்தது, 0.4.

இதுவரை எந்தப் புத்தகத்திலும் இருப்பதுதான். நான் சொல்ல வந்த பயிற்சி இதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

முதலில், தவறான விடைகளை நீங்களே தயாரியுங்கள். இந்தக் கணக்குக்கு நான் வினா அமைப்பவராக இருந்தால் நான்கு விருப்பங்களை எப்படி வைப்பேன்? ச–க தூரம் 8.8 என்று ஒன்று வைப்பேன், 12-ஐச் சேர்க்க மறந்தவருக்காக. ச–த தூரம் 27.6 என்று ஒன்று, ஓரத்து ஜீன்கள் இரண்டை மட்டும் பார்த்து 88-ஐயும் 188-ஐயும் கூட்டியவருக்காக. இரட்டைக் குறுக்கேற்றத்தில் ஓரத்து ஜீன்கள் பழையபடியே சேர்ந்திருப்பதால் அந்த 12 அவர் கண்ணில் படாது. அதை இரண்டு தடவை சேர்த்தால் 300, சரியாக 30. இன்டர்ஃபெரன்ஸ் 0.6 என்று ஒன்று, கழிக்க மறந்தவருக்காக. இப்படி ஒவ்வொரு தவறான விடைக்கும் ஒரு பிறப்பிடம் இருக்கிறது. பழைய வினாத்தாளில் ஒரு கேள்வியைப் போட்டதும் மற்ற மூன்று விருப்பங்களும் எந்தத் தப்பிலிருந்து வந்தவை என்று கண்டுபிடித்து ஓரத்தில் குறித்து வையுங்கள். நான்கும் பிடிபட்டால்தான் அந்தக் கேள்வி முடிந்தது என்று அர்த்தம்.

அடுத்து, கணக்கைத் தலைகீழாகப் போடுங்கள். ச–க 10, க–த 20, இன்டர்ஃபெரன்ஸ் 0.4, குஞ்சுகள் 1000. எட்டு வகையும் எவ்வளவு வரும்? மேலே உள்ள எண்களுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறீர்களா என்று பாருங்கள். வந்துவிட்டால், அந்த வகைக் கணக்கை இனி யாரும் உங்களிடமிருந்து பிடுங்க முடியாது.

பிறகு ஒரே ஒரு சொல்லை மாற்றுங்கள். கலப்பினம் பெண் இல்லை, ஆண் ஈ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண் பழ ஈயில் குறுக்கேற்றமே நடப்பதில்லை. மூன்று ஜீன்களும் சாதாரண ஆட்டோசோம் (பாலினத்தைத் தீர்மானிக்காத குரோமோசோம்) ஒன்றில் இருந்தால் எட்டு வகைக்குப் பதில் இரண்டே வகைதான் வரும். கேள்வியில் 'பெண்' என்ற ஒரு சொல்லைக் கவனிக்காமல் பத்து நிமிடம் கணக்குப் போட்டவர்கள் உண்டு.

இந்த முறையில் ஒரு மாலைக்கு ஒரு கணக்குதான் ஓடும். ஓடட்டும். ஐம்பது கணக்கை மேலோட்டமாகப் பார்ப்பதைவிட ஒன்றை நாலு பக்கமும் திருப்பிப் போட்டால் கை பழகும். குரோமோசோமில் ஜீன்களை வரிசைப்படுத்தும் முதல் வரைபடத்தை 1913-இல் வெளியிட்ட ஆல்ஃபிரட் ஸ்டர்ட்டிவன்ட், அந்த யோசனை வந்தபோது பழ ஈ ஆய்வாளர் தாமஸ் மார்கனின் ஆய்வகத்தில் இருந்த இளங்கலை மாணவர்தான். கல்லூரி வீட்டுப்பாடத்தை ஓரம் தள்ளிவிட்டு ஒரே இரவில் ஈக்களின் எண்களை வைத்து வரைபடம் போட்டார் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. அவர் போட்டதும் இதே கூட்டல் கழித்தல் கணக்குதான்.

இப்போது உங்கள் வேலைக்கே வருகிறேன். இரண்டு ஜீன் கலப்பில் வரும் விகிதங்களை மனப்பாடம் செய்யும் பழக்கம் உங்களிடம் இருக்கும் என்று ஊகிக்கிறேன். 9:3:4 என்றால் இது, 12:3:1 என்றால் அது, 15:1 என்றால் இன்னொன்று என்று ஒரு அட்டவணை. யூடியூபில் அதை வைத்து 'ட்ரிக்' சொல்கிறவர்கள்மேல் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. நீங்கள் தினமும் ரத்த வகை பார்க்கிறவர். பாம்பே ரத்த வகை தெரிந்திருக்கும், 1952-இல் மும்பையில் கண்டறிந்து வெளியிட்டது. ஆன்டி-ஏ, ஆன்டி-பி இரண்டுக்கும் செல் கட்டாது (ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாது), பார்வைக்கு ஓ. ஆனால் அவர்களின் சீரத்தை ஓ செல்லோடு சேர்த்தால் கட்டிக்கொள்ளும், ஏனென்றால் அவர்களிடம் எச் ஆன்டிஜனே இல்லை, ஆன்டி-எச் இருக்கிறது. எச் ஜீன் இரண்டு பிரதியும் ஒடுங்கியிருந்தால், ஏ, பி ஜீன்கள் இருந்தும் வெளியே தெரியாது.

கேள்வி: கணவன் மனைவி இருவரும் ஏபி, இருவரும் எச் ஜீனுக்குக் கலப்பினம். குழந்தைகளின் ரத்த வகை எந்த விகிதத்தில் வரும்? உங்கள் அட்டவணையில் தேடினால் கிடைக்காது. தேடாமல் போடுங்கள். ஏபி-யும் ஏபி-யும் சேர்ந்தால் ஏ கால், ஏபி அரை, பி கால். எச் இருப்பவர்கள் முக்கால், இல்லாதவர்கள் கால். பெருக்குங்கள். ஏ 3, ஏபி 6, பி 3, ஓ போலத் தெரிவது 4, பதினாறுக்கு. 3:6:3:4. இரண்டு வரியில் முடிந்துவிட்டது. ஒவ்வொரு ஜீனையும் தனியாகப் பிரித்து, கடைசியில் பெருக்குவது. இது ஒன்றே போதும், அட்டவணையே வேண்டாம்.

பெடிகிரி (வம்சாவளி) கணக்கில் ஒரு எண்ணை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: மூன்றில் இரண்டு. ஒரு பெண்ணுக்கு அல்பினிசம் இல்லை, அவள் பெற்றோருக்கும் இல்லை, அவள் தம்பிக்கு இருக்கிறது. அவள் கேரியராக (நோய் இல்லாமல் ஒரு திரிபுப் பிரதியைச் சுமப்பவளாக) இருக்க வாய்ப்பு பாதி இல்லை, 2/3. அவளுக்கு நோய் இல்லை என்று ஏற்கெனவே தெரிவதால் நாலில் ஒரு பங்கு கழிந்துவிட்டது, மீதி மூன்றில் இரண்டு கேரியர். அவள் கணவனுக்கும் இதே மாதிரி ஒரு தங்கை இருந்தால் குழந்தைக்கு வாய்ப்பு 2/3 × 2/3 × 1/4, அதாவது 1/9. இங்கே நிறுத்தாதீர்கள். அவர்களுக்கு முதல் குழந்தை நோயில்லாமல் பிறந்துவிட்டது, இரண்டாவது குழந்தைக்கு என்ன வாய்ப்பு? இப்போது 1/9 இல்லை, 3/32. முதல் குழந்தைக்கு நோய் இருந்தால்? நேராக 1/4, ஏனென்றால் இருவரும் கேரியர் என்று உறுதியாகிவிட்டது. 3/32 எப்படி வந்தது என்று நீங்களே போட்டுப் பாருங்கள். இருவரும் கேரியராக இருக்கும் வாய்ப்பு 4/9 என்பதிலிருந்து ஆரம்பித்தால் வரும்.

நம் ஊர்க்காரர்களுக்கு உறவுமுறைக் கணக்கு சொல்லித்தர வேண்டாம் என்றுதான் நினைப்பேன், ஆனால் தேர்வில் இதில்தான் தடுமாறுகிறார்கள். அக்கா மகளைக் கட்டினால் பிறக்கும் குழந்தையின் உள்ளினப்பெருக்கக் கெழு (ஒரு ஜீனின் இரண்டு பிரதியும் மூதாதையின் ஒரே பிரதியிலிருந்து வந்திருக்கும் வாய்ப்பு) 1/8. மாமன் மகளைக் கட்டினாலும் அத்தை மகளைக் கட்டினாலும் 1/16. இது ஆட்டோசோம்களுக்கு. இதையே எக்ஸ் குரோமோசோமுக்குக் கேட்டால், பிறக்கும் பெண் குழந்தைக்கு மாமன் மகள் திருமணத்தில் 1/8, அத்தை மகள் திருமணத்தில் சைபர். ஏன் சைபர்? மகனுக்கு அப்பாவின் எக்ஸ் வருவதே இல்லை. அத்தை உறவு அப்பா வழியாக வருகிற உறவு, அந்த வழியில் எக்ஸ் அறுந்துபோகிறது. உங்கள் சொந்தத்திலேயே ஒரு குடும்பத்தை எடுத்துப் படம் வரைந்து பாதையைப் பென்சிலால் இழுத்துப் பாருங்கள். தெரிந்த மனிதர்கள் என்பதால் அம்புக்குறி தப்பாது.

செல் உயிரியலுக்கு வருவோம். 'கணக்கு மாதிரி வருபவை' என்று நீங்கள் சொல்வதில் இரண்டு தினுசு இருக்கிறது. ஒன்று எண்ணுவது, மற்றது யூகிப்பது.

எண்ணுவதற்கு வெங்காய வேர்நுனி போதும். பி.எஸ்சி.யில் அசிட்டோகார்மின் போட்டு நசுக்கிப் பார்த்திருப்பீர்கள். வெங்காயத்துக்கு 16 குரோமோசோம். ஜி1-இல் (டிஎன்ஏ நகலெடுக்கும் முன்) 16 குரோமோசோம், 16 டிஎன்ஏ மூலக்கூறு. ஜி2-இல் (நகலெடுத்த பின்) குரோமோசோம் அதே 16, டிஎன்ஏ 32. மைட்டாசிஸ் (சாதாரணச் செல் பிரிவு) அனாஃபேஸில், அதாவது குரோமோசோம்கள் விலகும் கட்டத்தில், செல்லுக்குள் 32 குரோமோசோம். இப்போது எண்ணிக்கையைப் பாதியாக்கும் பிரிவான மியாசிஸ். முதல் அனாஃபேஸில்? இங்கேதான் எல்லோரும் 32 என்று எழுதுகிறார்கள். சென்ட்ரோமியர் பிரியவில்லை, ஜோடிகள்தான் பிரிகின்றன. செல் முழுக்க எண்ணினால் இன்னும் 16 குரோமோசோம்தான், டிஎன்ஏ 32. முதல் பிரிவு முடிந்த ஒவ்வொரு செல்லிலும் 8 குரோமோசோம், 16 டிஎன்ஏ. இரண்டாவது முடிந்தால் 8, 8. சென்ட்ரோமியரை எண்ணு, அதுதான் குரோமோசோம் எண்ணிக்கை. இழைகளை எண்ணு, அதுதான் டிஎன்ஏ. மெட்ரோவில் காலடிப்பேட்டையிலிருந்து வண்ணாரப்பேட்டை வருவதற்குள், மனிதனுக்கு 46, பழ ஈக்கு 8 என்று மாற்றி மாற்றி மனசுக்குள்ளேயே போட்டுப் பார்க்கலாம். மூன்று ஜீன் கணக்கை மெட்ரோவில் போடாதீர்கள், அதற்குத் தாளும் மேசையும் வேண்டும்.

யூகிக்கும் தினுசுதான் 'சி' பகுதியில் அதிகம் படுத்துகிறது. ஒரு சோதனையைச் சொல்லி, முடிவு என்னவாக இருக்கும் என்று கேட்பார்கள். இதற்கு ஒரு நல்ல பயிற்சிக்களம், 1970-இல் பொட்டு ராவும் ராபர்ட் ஜான்சனும் ஹீலா செல்களை (ஆய்வகத்தில் வளர்க்கும் மனிதப் புற்றுநோய்ச் செல்கள்) ஒட்டவைத்துச் செய்த சோதனைகள். முடிவைப் படிக்காமல் முதலில் கேள்வியை மட்டும் எழுதுங்கள். எஸ் கட்டத்தில் (டிஎன்ஏ நகலெடுக்கும் கட்டத்தில்) இருக்கும் செல்லை ஜி1 செல்லோடு ஒட்டினால் ஜி1 உட்கரு என்ன செய்யும்? எஸ் செல்லை ஜி2 செல்லோடு ஒட்டினால்? பிரிந்துகொண்டிருக்கும் செல்லை இன்டர்ஃபேஸ் (பிரியாத நிலையில் உள்ள) செல்லோடு ஒட்டினால்?

ஜி1 உட்கரு தன் நேரத்துக்கு முன்பே டிஎன்ஏ தயாரிப்பைத் தொடங்கிவிட்டது. ஆக, எஸ் செல்லின் சைட்டோபிளாசத்தில் தூண்டும் பொருள் ஏதோ இருக்கிறது. அதே பொருள் ஜி2 உட்கருவையும் போய்ச் சேர்கிறது, ஆனாலும் அது மறுபடி டிஎன்ஏ தயாரிக்கவில்லை. இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். ஜி2 செல்லின் சைட்டோபிளாசத்தில் ஏதோ தடுப்பான் மிதக்கிறது என்று சொல்லலாமா? சொல்லக் கூடாது. அப்படி மிதந்தால் பக்கத்தில் இருக்கும் எஸ் உட்கருவும் நின்றிருக்க வேண்டும், அது நிற்காமல் வேலையை முடித்தது. எனவே தடை ஜி2 உட்கருவுக்குள்ளேயே இருக்கிறது. தேர்வில் நான்கு விருப்பங்களில் ஒன்று நிச்சயம் அந்த மிதக்கும் தடுப்பானாக இருக்கும், படிக்க அவ்வளவு நியாயமாகத் தெரியும்.

பிரியும் செல்லோடு ஒட்டியபோது இன்டர்ஃபேஸ் உட்கருவின் குரோமோசோம்கள் அகாலத்தில் சுருண்டன. ஜி1 என்றால் ஒற்றை இழையாக, ஜி2 என்றால் இரட்டை இழையாக, எஸ் என்றால் பொடிப்பொடியாக உடைந்ததுபோல. ஏன் எஸ்-இல் மட்டும் அப்படி என்று தமிழில் இரண்டு வரி எழுதிப் பாருங்கள். பாதி நகலெடுத்த குரோமோசோமைச் சுருட்டினால் எப்படித் தெரியும் என்று யோசித்தால் போதும்.

இன்னொரு இடம், இரட்டைத் திரிபு. ஈஸ்ட்டில் சுரப்புப் பாதையில் 'அ' திரிபு வந்தால் புரதம் எண்டோபிளாச வலையில் தேங்குகிறது, 'ஆ' திரிபு வந்தால் சுரப்புப் பைகளில் தேங்குகிறது. இரண்டும் சேர்ந்தால் எங்கே தேங்கும்? எண்டோபிளாச வலையில். முதல் தடையைத் தாண்டினால்தானே இரண்டாவது தடைக்குப் போக முடியும். ராண்டி ஷெக்மன் ஈஸ்ட் திரிபுகளை வைத்துப் பாதையை வரிசைப்படுத்தியது இந்த தர்க்கத்தில்தான், 2013 நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மாணவர்கள் இதைப் பார்த்துவிட்டு 'முன்னால் வரும் ஜீனின் தோற்றமே வெல்லும்' என்று சூத்திரமாக எழுதி வைத்துக்கொள்கிறார்கள். அப்புறம் சமிக்ஞைப் பாதைக் கேள்வி வந்ததும் அதையே போட்டு 1 மதிப்பெண்ணை இழக்கிறார்கள். சமிக்ஞைப் பாதையில் நடப்பது வேறு. செல்பரப்பில் இருக்கும் ஏற்பி வேலை செய்யாத திரிபு, அதற்குக் கீழே இருக்கும் ராஸ் என்ற புரதம் எப்போதும் இயங்கிக்கொண்டே இருக்கும் திரிபு. இரண்டும் ஒரே செல்லில் இருந்தால் சமிக்ஞை ஓடுமா ஓடாதா? ஓடும். ராஸுக்கு மேலே இருந்து யாரும் சொல்ல வேண்டியதில்லை. இங்கே பின்னால் வரும் ஜீன் வென்றது. பாதையில் ஒரு பொருள் கைமாறிப் போகிறதா, இல்லை ஒரு உத்தரவு போகிறதா என்று முதலில் கேட்டுக்கொண்டால் சூத்திரமே தேவைப்படாது.

டெட்ராட், காஞ்சுகேஷன் மேப்பிங், ஹார்டி–வைன்பர்க் என்ற மற்ற மூன்று கணக்கு வகைகளுக்கும் இங்கே இடமில்லை. வகைக்கு ஓரிரண்டு கணக்கு, மேலே சொன்ன அதே மாதிரி தலைகீழாகத் திருப்பிப் போடுங்கள். ஹார்டி–வைன்பர்க்கில் மட்டும் ஒரு எச்சரிக்கை: கேள்வியில் கொடுத்திருப்பது நோயாளிகளின் விகிதமா, ஜீனின் விகிதமா என்று முதலில் பார்க்க வேண்டும். பாதிப் பேர் வர்க்கமூலம் எடுக்க வேண்டிய இடத்தில் எடுக்காமல் விடுகிறார்கள்.

தமிழ் வழி என்பதை நீங்கள் கடிதத்தில் இரண்டாவது வரியிலேயே சொல்லிவிட்டீர்கள், அது உங்களை உறுத்துகிறது என்று தெரிகிறது. தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். ஆனால் ரஃப் தாளில் நீங்கள் எந்த மொழியில் யோசிக்கிறீர்கள் என்று யாரும் பார்க்கப் போவதில்லை. கேள்வியை ஆங்கிலத்தில் படியுங்கள், ஓரத்தில் தமிழில் ஒரு வரியாகச் சுருக்குங்கள்: 'பெண் கலப்பினம், ஆண் ஒடுங்கியது, தூரம் கேட்கிறார்கள்'. நீளமான 'சி' பகுதிக் கேள்வியில் பாதி வாக்கியம் அலங்காரம்தான், சுருக்கும்போது அது தானாக உதிர்ந்துவிடும். 'தவறான கூற்று எது' என்று கேட்கும் கேள்விகளில் அந்த 'தவறான'வைத் தாளில் பெரிதாக எழுதி வட்டம் போடுங்கள். கால்குலேட்டர் கிடையாது என்பதால் பின்னங்களைப் பின்னமாகவே வைத்துப் பெருக்கும் பழக்கமும் வேண்டும். 2/3-ஐ 0.67 ஆக்கினால் கடைசியில் எந்த விருப்பத்தோடும் ஒட்டாமல் நிற்கும்.

நேரத்துக்கு வருவோம். காலை ஷிப்ட் என்றால் மாலை உங்கள் கையில் இருக்கிறது, ஆனால் உடம்பு களைத்திருக்கும். வீடு திரும்பியதும் உட்காராதீர்கள். சாப்பிட்டு, தூங்கி எழுந்து, ஆறு மணிக்கு மேல் ஒரு மணி நேரம் ஒரே ஒரு கணக்கு. மற்ற பாடங்களை அதற்குப் பிறகு படியுங்கள், கணக்கைக் கடைசிக்குத் தள்ளினால் அது நடக்காது. வீட்டில் டிவி, ஆள் நடமாட்டம் என்றால் பக்கத்துக் கிளை நூலகம் எத்தனை மணி வரை திறந்திருக்கிறது என்று கேளுங்கள். விடுமுறை நாளில் கொளத்தூர் முதல்வர் படைப்பகம் மாதிரி படிப்பதற்கான இடத்துக்குப் போய் மூன்று மணி நேரம் உட்கார்ந்து ஒரு முழு வினாத்தாளைக் கடிகாரம் வைத்து எழுதிப் பாருங்கள். எழுதும்போது 'சி' பகுதியின் 75 கேள்விகளையும் முதலில் ஓட்டமாகப் பார்த்து, போட முடியும் என்று தோன்றுபவற்றின் எண்களை மட்டும் தாளில் குறித்துக்கொண்டு பிறகு தொடங்குங்கள். மூன்று ஜீன் கணக்குக்கு ஆறேழு நிமிடத்துக்கு மேல் பிடித்தால் அதை விட்டுவிட்டு நகருங்கள், ரோஷப்பட்டு உட்கார்ந்திருக்கக் கூடாது.

இனி கோச்சிங். இப்போது சேர வேண்டாம். உங்களுக்குப் பாடம் தெரியாமல் இல்லை, கணக்கைத் தனியாகப் போட்டுப் பழகவில்லை. வகுப்பில் ஆசிரியர் பலகையில் போடுவார், நீங்கள் மூன்றாவது நோட்டு எழுதிக்கொண்டு வருவீர்கள். பழைய வினாத்தாள்கள் சிஎஸ்ஐஆர் மனிதவள மேம்பாட்டுக் குழுவின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மரபியல், செல் உயிரியல் பாடங்களுக்கு என்பிடெல் இணைய வகுப்புகளும் இலவசம். மூன்று மாதம் இப்படிச் செய்துவிட்டு ஒரு முழுத் தாளை எழுதிப் பாருங்கள். அதற்குப் பிறகும் குறிப்பிட்ட ஒரு அலகில் பாடமே புரியவில்லை என்றால், அந்த அலகுக்கு மட்டும் யாரிடமாவது கேட்டுப் படிக்கலாம். மாதிரித் தேர்வு மட்டும் தனியாகத் தருகிறவர்கள் இருக்கிறார்கள், அதற்குச் செலவு குறைவு. அண்ணனிடம் பணத்தை அதுவரை வைத்திருக்கச் சொல்லுங்கள். மாநிலத் தகுதித் தேர்வான செட் அறிவிப்பு வந்தால் அதற்கும் விண்ணப்பியுங்கள், உயிர் அறிவியல் பாடத்திட்டம் ஏறக்குறைய இதேதான், அந்தப் பாடத்தைத் தனியாகப் படிக்க வேண்டியதில்லை.